பழைய மாணாக்கர் இல்லாத பள்ளிகள்

‘பழைய மாணாக்கர்’ என்னும் தொடர் நம் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பெருமிதத்தோடு வழங்குவது. அதற்கென ஒரு நாள் குறித்து, வெளியூர்களிலிருந்து வந்து கூடி, பழைய விடுதி அறைகளைச் சுற்றிப் பார்த்து, ஆசிரியர்களை வணங்கி, விருந்துண்டு, பழங்கதை பேசிப் பிரிகின்றோம். இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் பணித்தபொழுது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளையே எழுதலாம் என எண்ணினேன். அத்தகைய கட்டுரைகள் முன்னைய மலர்களில் நிரம்ப உள. ஆதலின், பழைய மாணாக்கர் என்னும் இப்பெயர் யாருக்கெல்லாம் உரியது, எந்தப் பள்ளிகளுக்கு அஃது இல்லாமற் போயிற்று, அதனால் இளஞ்சிறார்க்கு நேரும் இழப்பு யாது என்பவற்றைப் பற்றி நான் கண்டறிந்த சிலவற்றைக் கூற விழைகின்றேன்.

நம்மிடையே ஒரு மருத்துவரையோ வழக்கறிஞரையோ நோக்கி, ‘தாங்கள் எங்கே பயின்றீர்கள்?’ என வினவினால், அவர் தாம் பட்டம் பெற்ற கல்லூரியின் பெயரைக் கூறுவார். சற்றே நெருங்கிய நண்பராயின் உயர்நிலைப் பள்ளியின் பெயரையும் சேர்த்துரைப்பார். தமக்கு அரிச்சுவடி கற்பித்த பள்ளியின் பெயரைத் தாமாக எடுத்துக் கூறுவோர் மிகச் சிலரே. ‘அஃது எங்கள் ஊர்ப் பள்ளி’ என்னும் அளவிலே அப்பேச்சு முடிந்துவிடும். அப்பள்ளிக்கும் அவரைத் தன் மாணாக்கர் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அதற்கு ஆண்டு மலர் இல்லை, சங்கம் இல்லை, சங்கத்திற்குக் காரியதரிசியும் இல்லை. மாணாக்கரை உருவாக்கிய பெருமை முழுவதும் இறுதியிற் பட்டமளித்த நிலையத்தையே சென்று சேர்கின்றது.

பெருமை மட்டும் சேர்ந்தால் குறையொன்றும் இல்லை. அதன் பின்னே பொருளும் செல்கின்றது, உழைப்பும் செல்கின்றது, அறிமுகமும் செல்கின்றது. பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் கொண்டாடும் கல்லூரிக்கு அரங்கமும் நுழைவாயில் வளைவும் நூலகமும் கிடைக்கின்றன. அங்குப் பயிலும் இளைஞனுக்கு வேலை வேண்டுமாயின், பரிந்துரைக்கும் மூத்தோர் பத்து நகரங்களில் உளர். முள்வேலியும் வேப்பமரமும் தவிர வேறு செல்வம் அறியாத சிற்றூர்ப் பள்ளிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. உண்மையில், நாற்பது அல்லது ஐம்பது ஆண்டுகள் நடந்த ஒரு பள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளிவந்திருப்பர். அவர்கள் பழைய மாணாக்கர் என எண்ணப்படவில்லை என்பதே செய்தி.

நான் எழுத்தறிந்தது திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில், பனையும் உடைமரமும் சூழ்ந்த ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலே. மழை பெய்த ஆண்டில் குளம் பெருகும். பெய்யாத ஆண்டில் ஆடவர் பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் கேரளத்திற்கும் செல்வர். பெண்டிர் மடியிற் சுளகை வைத்துக்கொண்டு விடியல் முதல் விளக்கேற்றும் வேளை வரை பீடி சுற்றுவர். நம் கல்லூரியிற் பயின்று வங்கிப் பணியில் அமர்ந்த பின், 2017-ஆம் ஆண்டில் எங்கள் ஊருக்கு அணித்தான ஒரு கிளைக்கு மாற்றப்பெற்றேன். உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கும் அலுவலின் பொருட்டு அப்பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அப்பொழுது நேர்ந்தது.

தலைமையாசிரியை அம்மையார் வெளியூரைச் சேர்ந்தவர். நான் அப்பள்ளியிற் பயின்றவன் என்பதை அறிந்ததும், பேழையிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பழுப்பேறிய தாள்களில், மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், பள்ளியை விட்டு நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்னும் பத்திகள் இருந்தன. காரணம் என்னும் பத்தியில் ‘தொடர்ந்து வரவில்லை’ என்னும் குறிப்பே மிகுதியாகக் காணப்பட்டது. அம்மையார், “ஐயா, இவ்வளவு பேர் இங்கிருந்து சென்றிருக்கிறார்கள். இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தால், இங்கே இருக்கும் பிள்ளைகளிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு செய்தி இருக்கும்,” என்றார். அவர் பணம் கேட்கவில்லை; கட்டடம் கேட்கவில்லை. சொல்வதற்கு ஒரு செய்தி வேண்டும் என்றே கேட்டார்.

அதன்பின் நாங்கள் மூவர் கூடினோம். ஒருவர் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மற்றொருவர் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர், மூன்றாமவன் நான். ஊரிற் பெயர்பெற்றோர் இருபதின்மரை அழைத்து ஒரு குழு அமைக்கலாம் என்பதே முதலில் எழுந்த யோசனை. செவிலியர் அதனை மறுத்தார். “பெயர்பெற்றவர்களை மட்டும் அழைத்தால் அது பெரிய மனிதர் சபை ஆகிவிடும். பதிவேட்டைப் பார்த்து எல்லோரையும் அழைப்போம்,” என்றார். அவ்வாறே பதிவேட்டின் பெயர்களை ஆண்டுவாரியாகப் படியெடுத்தோம். ஒவ்வோர் ஆண்டு அணிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, தம்மோடு பயின்றோர் இருக்குமிடத்தைத் தேடித் தருமாறு வேண்டினோம். கைபேசி உள்ள இக்காலத்தில் இப்பணி நாங்கள் அஞ்சிய அளவு கடினமாக இல்லை. ஒருவரைக் கண்டால் அவர் வாயிலாக மூவரைக் காணலாம்.

எங்கள் சீமையில், எங்கே பிழைத்தாலும் கோயிற் கொடைக்கும் அசனப் பண்டிகைக்கும் ஊர் திரும்பும் வழக்கம் உண்டு. ஆதலின் கொடை முடிந்த மறுநாட் காலையில், பள்ளியின் வேப்பமரத்தடியில் முதற் கூட்டத்தை வைத்தோம். லாரி ஓட்டுவோர், கொத்தனார், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றோர், உணவு விடுதியில் பரிமாறுவோர், ஆசிரியர், பீடி சுற்றும் பெண்டிர் எனப் பலரும் வந்தனர். கூட்டம் தொடங்குமுன் ஒருவர் எழுந்து, “அண்ணாச்சி, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். எனக்கும் இதில் இடம் உண்டா?” என்று கேட்டார். மளிகைக் கடை அண்ணாச்சி, “தம்பி, பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் நீயும் பழைய மாணவன்தான்,” என்றார். எங்கள் சங்கத்தின் முதல் விதி அவ்வாறு அமைந்தது. ஒரு நாள் பயின்றாலும் அவர் உறுப்பினர். எந்நிலையில் நீங்கியிருந்தாலும் உறுப்பினர்.

இரண்டாம் விதி பணத்தைப் பற்றியது. திங்கட்சந்தா பத்து ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தோம். கீழெல்லை எல்லாச் சங்கங்களிலும் உண்டு. மேலெல்லை எதற்கு என்று பலர் வினவினர். ஒருவர் ஐம்பதினாயிரம் தந்து மற்றையோர் பத்துப்பத்து ரூபாய் தருவாராயின், சில திங்களிலே சங்கம் அவருடையதாகிவிடும். பத்து ரூபாய் தந்தவர் கூட்டத்தில் வாய்திறக்கக் கூசுவார். அவர் வாராது நின்றுவிட்டால், ஊரினுள்ளே நடப்பதை எங்களுக்கு அறிவிப்போர் இலராவர். கணக்கை இருவர் கையொப்பத்தோடு வங்கியில் வைத்து, மூன்று திங்களுக்கு ஒரு முறை வரவு செலவைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்றும் முடிவாயிற்று.

மூன்றாம் விதியை ஏற்பதற்குள் எங்களுக்குள் பெரிய வாதம் நிகழ்ந்தது. பள்ளியின் ஓர் அறையில் மேற்கூரை பழுதுற்று, மழை நாளில் இரு வகுப்புகளை ஓரறையில் நடத்தும் நிலை இருந்தது. மேலெல்லை விதியைத் தமக்கு மட்டும் தளர்த்தினால் தாமே அதனைக் கட்டித் தருவதாக அண்ணாச்சி கூறினார். மனமுவந்து கூறிய சொல் அது. ஆயினும் தலைமையாசிரியை அம்மையார், “இந்தக் கூரை அரசு செய்து தர வேண்டியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோரே அதில் பெரும்பாலோர். அவர்கள் தீர்மானம் எழுதிக் கேட்கட்டும். நீங்கள் அவர்களோடு வந்து நில்லுங்கள். அண்ணாச்சி கட்டிக் கொடுத்தால், அடுத்த முறை கூரை பழுதானாலும் அண்ணாச்சியைத்தான் தேடுவார்கள்,” என்றார். அண்ணாச்சிக்கு வருத்தந்தான். எனினும், உரிமையாகக் கேட்டுப் பெறவேண்டியதற்குச் சங்கப் பணத்தைச் செலவிடுவதில்லை என்பது மூன்றாம் விதி ஆயிற்று. தீர்மானம் எழுதி, அலுவலகந்தோறும் நடந்து, கூரை சீர்பெற ஓராண்டுக்கு மேற் சென்றது. தீர்மானத்திற் கைந்நாட்டு வைத்த தாய்மார் சிலர், பின்னர்க் குடிநீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் தாமே மனு எழுதச் செய்தனர். எங்கள் பணத்தாற் கட்டியிருப்போமாயின் இது நிகழ்ந்திராது.

அங்ஙனமாயின் சங்கப் பணம் எதற்குச் செலவாயிற்று? அரசின் விதிகளுக்கு எட்டாத சிறு செலவுகளுக்கே. தேர்வு மையத்திற்குச் செல்லும் பேருந்துக் கட்டணம், கரும்பலகை தெரியாத சிறுவனுக்கு மூக்குக்கண்ணாடி, பழைய வினாத்தாள்களைப் படியெடுக்கும் கூலி, விண்ணப்பம் பதியும் மையத்திற்குத் தரும் கட்டணம் ஆகியவை. கூட்டிப் பார்த்தால் பெருந்தொகை அன்று. ஆனால் அச்சிறு தொகை இல்லாமையால் பெருந்தொகையை இழக்கும் குடும்பங்கள் உள.

இதனைச் சற்று விளக்கிக் கூறுதல் வேண்டும். நம் நாட்டில் ஏழைச் சிறார் ஏறிச் செல்வதற்கு ஏணிகள் இல்லாமல் இல்லை. எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கென நடைபெறும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள், 2017-ஆம் ஆண்டு முதல் ஆண்டொன்றுக்கு 12,000 ரூபாய் வீதம் வழங்கப்பெற்று வருகின்றது. நான்கு ஆண்டிற்கும் 48,000 ரூபாய் ஆகின்றது. பீடி சுற்றும் தாய்க்கு அஃது எத்துணைப் பெருந்தொகை என்பதை எங்கள் ஊரார் அறிவர். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிற் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி புகும் பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், இளைஞர்க்குரிய தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தில் முதற் பட்டதாரியாவோர்க்குத் தொழிற்கல்வியில் பயிற்றுக் கட்டணச் சலுகையும் உண்டு.

ஏணிகள் பல உள. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதற் பட்டதாரிச் சான்று என ஒவ்வொரு தாள் உண்டு. எழுத்தறிந்த குடும்பத்தில் இவற்றை மாமனோ சிற்றப்பனோ கவனித்துக்கொள்வர். தந்தை சென்னையில் மூட்டை சுமக்க, தாய் நூறு எண்ணி ஆயிரம் எண்ணிப் பீடி கட்டும் வீட்டில் யார் கவனிப்பார்? பிள்ளைக்கு அறிவு இருந்தது. அரசிடம் பணமும் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே ‘அந்த நாள் வருகிறது, தாள்களை எடுத்து வை’ என்று கூறும் மனிதர் ஒருவர் இல்லை. பழைய மாணாக்கர் சங்கம் செய்யத்தக்க பணிகளில் தலையாயது அந்த மாமன் முறையை ஏற்பதே என்பது என் துணிபு. இன்றும் எங்கள் பட்டியலில், எட்டாம் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் ஒரு பழைய மாணவரின் பெயர் எழுதப்படுகின்றது. அவர் செய்ய வேண்டுவது திங்களுக்கு இருமுறை பேசுவதும், தாள்கள் எடுத்தாயிற்றா எனக் கேட்பதுமே.

இச்சங்கத்தின் பயனை எங்களுக்கு மெய்ப்பித்துக் காட்டியது கொரோனாப் பெருந்தொற்றுக் காலம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட பள்ளிகளுள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலேதான் மீண்டும் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி வாயிலாகப் பாடம் நடந்தது. ஆயினும் பத்தொன்பது திங்களிற் சிறுவர் உழைக்கப் பழகிவிடுவர். கூலியைக் கண்ட குடும்பத்திற்கு அதனை இழக்க மனம் வாராது. பள்ளி திறந்த கிழமையில், வேலை நிமித்தம் வெளியூர்களில் இருந்த எங்கட்கெல்லாம் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. அவர் பீடி சுற்றும் ஓர் அக்காள். மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஊரை விட்டு ஒரு நாளும் வெளியேறாதவர். திங்கட்சந்தா பத்து ரூபாய் தருபவர். அவர் வீட்டுத் திண்ணை பள்ளிக்குச் செல்லும் வழியில் உள்ளது. பீடி சுற்றியவாறே, காலையில் யார் யார் பையோடு போகின்றார்கள் என்று பார்த்திருந்து, “ஐந்து பிள்ளைகளைக் காணவில்லை” என்று பெயரோடு சொல்லி அனுப்பினார். பள்ளியின் வருகைப் பதிவேடு வாராமையை மட்டும் காட்டும். காரணத்தையும் அக்காள் அறிந்திருந்தார்.

அவ்வைவருள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை வெளி மாவட்டத்து நூற்பாலைக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அண்ணன் தம்பியரோ ஆசிரியரோ போய்ப் பேசினால் தந்தை சினங்கொள்வார் என்பதை அக்காளே கூறி, செவிலியரை வருவித்தார். செவிலியர் அறிவுரை ஒன்றும் கூறவில்லை. தாம் அதே தெருவிற் பிறந்து, அதே பள்ளியில் அதே வகுப்பிற் பயின்றதையும், இன்று தாம் பெறும் ஊதியத்தையும் மட்டும் கூறினார். உதவித்தொகைத் தேர்வைப் பற்றியும் விளக்கினார். ‘ஓராண்டு பார்ப்போம்’ என்றார் தந்தை. அப்பெண் தேர்வில் தேறினாள்; அத்தொகையைக் கொண்டே மேனிலைக் கல்வி வரை வந்தாள். மற்றை நால்வருள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக மீண்டனர். ஒரு சிறுவனின் குடும்பம் செங்கற் சூளைக்குப் பெயர்ந்துவிட்டமையால் அவன் மீளவில்லை. இன்றும் கூட்டந்தோறும் அவன் பெயர் கேட்கப்படுகின்றது.

தொலைவிலிருந்து பணம் அனுப்புவோர் ஐம்பதின்மர் செய்ய இயலாததை, திண்ணையில் அமர்ந்திருந்த ஒருவர் செய்தார். பழைய மாணாக்கர் சங்கம் என்றதும் வெளிநாட்டிலுள்ள பொறியாளரையே நம் மனம் நாடுகின்றது. அவர் வேண்டாதவர் அல்லர். ஆனால் அவர் கைக்கும் பிள்ளையின் கைக்கும் இடையில் ஊரிலேயே தங்கியவர் ஒருவர் வேண்டும்.

இத்தகைய பணி நம் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823-ஆம் ஆண்டில் ஒரு செமினரியை நிறுவினர். தானியேல் பூவர் அதன் முதற்றலைவர். மிஷனின் கொள்கை மாறியமையால் 1855-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. மூடிய பள்ளியை மக்கள் மறந்துவிடுவது உலக வழக்கு. அங்குப் பயின்றோர் அவ்வாறு மறக்கவில்லை. அவர்களுட் பலர் உள்ளிட்ட உள்ளூர் அன்பர் வேண்டி நின்று முயன்றதன் பயனாக, 1872-ஆம் ஆண்டில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. மிஷன் மூடிய கதவைத் திறக்கச் செய்ததில் பழைய மாணாக்கர்க்குப் பங்கு உண்டு.

அந்தச் செமினரியின் மாணாக்கர்களுள் ஒருவரே பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும், அதாவது அவரும் கறோல் விசுவநாத பிள்ளையும், வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. தாமோதரம் பிள்ளை தமிழகத்தில் உயர்ந்த பதவிகளை வகித்தும், யாழ்ப்பாணத்து ஏழாலை என்னும் சிற்றூரில் ஒரு தமிழ்ப் பாடசாலையை நிறுவினார். மிஷன் பள்ளியிற் பெற்ற கல்வியின் பயனை, அதே பள்ளியின் வாயிலில் மட்டுமே திருப்பிச் செலுத்த வேண்டும் என அவர் கருதவில்லை. கல்வி எங்கே குறைந்திருந்ததோ அங்கே செலுத்தினார். நம் சங்கத்தார் சிந்திக்கற்பாலது இது.

பிற்காலத்தில், குறிப்பாக 1983-ஆம் ஆண்டிற்குப் பின், ஈழத் தமிழர் பல நாடுகளுக்குச் சிதறியபொழுது, தம் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களை இலண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் அமைத்தனர். போரால் நலிந்த பள்ளிகள் மீண்டெழ அவை பேருதவி புரிந்தன. எனினும் புகழ்பெற்ற பழங்கல்லூரிகளுக்கே அத்தகைய கிளைகள் பல உண்டு. வன்னிப் பெருநிலத்தின் சிறு பாடசாலைகளுக்கு அத்துணைக் கிளைகள் இல்லை. மிகுதியாக இழந்த பள்ளிக்கே குறைவாக உதவுவோர் என்னும் நிலை அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

தமிழ்நாட்டிலும் ஒரு முன்மாதிரி உளது. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித் துறையின் தலைவராயிருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-ஆம் ஆண்டு முதல் ஊரூராக நிகழ்ந்தன. ஒரு பள்ளிக்கு வேண்டுவன இவையெனப் பட்டியலிட்டு, ஊராரைக் கூட்டி, பலகை, மேசை, கடிகாரம், உணவுத் தட்டு, கட்டடம் என இயன்றவற்றை ஏற்கச் செய்தனர். 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் முதலில் ஊரார் தந்த அரிசியையும் காய்கறியையும் பெரிதும் நம்பியே நடந்தது. அந்நாளிற் கொடுத்தோர் பலர் பள்ளியையே அறியாதவர். தம் பிள்ளைகளேனும் அறியட்டும் என்று கொடுத்தவர். 2022-ஆம் ஆண்டு இறுதியில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டம் முன்னாள் மாணவரையும் நிறுவனங்களையும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ அழைத்தது. 2024-ஆம் ஆண்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபொழுது முன்னாள் மாணவர்க்கும் அவற்றில் இடம் அளிக்கப்பெற்றது. வாயில் திறந்திருக்கின்றது, உட்புகுவோரே வேண்டும்.

ஈண்டு இரண்டு தடைகளுக்கு விடை கூறுதல் நன்று. ‘அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் சுமப்பது?’ என்பது ஒன்று. இக்கேள்வி நேரியது. அதன் பொருட்டே எங்கள் மூன்றாம் விதி அமைந்தது. கூரையும் ஆசிரியரும் அரசின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறத் துணைநிற்பது எங்கள் கடமை. ஒரு சிறுமியின் பெயரை அறிந்து, அவள் ஏன் நேற்று வரவில்லை என்று கேட்கும் அன்பை எந்த அரசாணையாலும் அனுப்ப இயலாது.

மற்றொன்று, ‘உதவி பெறும் பிள்ளையின் மானம் குன்றாதா?’ என்பது. குன்றும், உதவுவோர் புகைப்படம் பிடித்தால் குன்றும், மேடையில் நிறுத்தி ஏழை எனப் பெயர் கூறினால் குன்றும். திருவள்ளுவனார் ஈகையை ஓரதிகாரமாகவும், அதற்கு முன்னே ஒப்புரவறிதலை வேறோரதிகாரமாகவும் வகுத்திருப்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இல்லாதவனுக்கு உள்ளவன் இரங்கித் தருவது ஈகை. ஒரே ஊரின் பொதுவாழ்வில் தன் பங்கை அறிந்து செய்வது ஒப்புரவு. பழைய மாணவன் தன் பள்ளிச் சிறுவனுக்குச் செய்வது பின்னதைச் சார்ந்தது. இருவர் பெயரும் ஒரே பதிவேட்டில் உள்ளன. ஆதலின் எங்கள் சங்கம் கல்வெட்டுப் பதிப்பதில்லை; உதவி பெறும் பிள்ளையைப் படம் எடுப்பதும் இல்லை.

இனி நம் கல்லூரியைப் பற்றிச் சில சொற்கள். நம் பழைய மாணாக்கர் சங்கம் வலியது. அதன் உறுப்பினர் பல துறைகளில் உளர். நம் கல்லூரியில் இன்று பயில்வோருட் பலர், சங்கம் என்றொன்றைக் கனவிலும் காணாத சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்தே வருகின்றனர். அப்பள்ளிகள் இட்ட அடித்தளத்தின் மேலேதான் நாம் மாடம் எடுத்திருக்கின்றோம். ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். நம் மாணவர் மிகுதியாக வரும் சிற்றூர்ப் பள்ளிகளுள் ஐந்தைத் தேர்ந்து, அவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளைக் கொண்டு அவ்வூர்ப் பழைய மாணாக்கரை ஒன்றுகூட்டத் துணைபுரிதல் முதலாவது; நாம் அவர்கட்குத் தலைவராகாது, கணக்கெழுதவும் மனுவெழுதவும் பழக்கிவிட்டு விலகுதல் வேண்டும். எட்டாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உள்ள பிள்ளைகட்கு விண்ணப்ப நாட்களையும் தாள்களையும் நினைவூட்டும் பொறுப்பை நம் இளநிலை மாணவர் ஏற்குமாறு ஓர் ஒழுங்கு செய்தல் இரண்டாவது. ஆண்டு விருந்தில் ஒரு பந்தியைச் சுருக்கினாலும் அதற்குரிய செலவு கிடைத்துவிடும்.

மூன்றாவது மிக எளியது. இறுதியாண்டு மாணவர் கல்லூரியை விட்டு நீங்கும்பொழுது அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பித் தருகின்றனர். அதில் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்கப்படுகின்றன. ‘முதலிற் பயின்ற பள்ளி’ என்று ஒரு பத்தியையும் அதிற் சேர்க்க வேண்டும். பத்தாண்டுகள் இவ்வாறு திரட்டுவோமாயின், எந்தச் சிற்றூர்ப் பள்ளியின் பிள்ளைகள் எங்கெங்கே உளர் என்பது ஒரே ஏட்டிற் கிடைக்கும். ஒரு தலைமையாசிரியை தம் பிள்ளைகளிடம் சொல்வதற்குச் செய்தி வேண்டும் என்று கேட்டால், அவ்வேட்டைத் திறந்து நாம் கூறலாம்.

இவ்வாண்டு விடைபெறும் இளைஞரும் நங்கையரும் அப்படிவம் அச்சாகும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது ஒரு காலை வேளையில் பழைய பள்ளிக்குச் செல்க. எட்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உளர், உதவித்தொகைத் தேர்வுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்துளர் என்று ஆசிரியரைக் கேட்டு அறிக. விண்ணப்பிக்காத ஒரு பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டு, அப்பிள்ளையின் வீட்டிற்கும் ஒரு முறை சென்று வருக.